எச்டி டிவிடியா, புளூ-ரேயா, 4கேயா? வன்னி வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

ரிவி, பிளேயர் திருத்துவதும் விழா வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பதும் என் தொழில். கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒரு பெட்டி இறுவட்டும் ஒரு பிளேயரும் கொண்டுவந்திருக்கிறார், அல்லது கொண்டுவரப்போகிறார், அது இங்கே ஓடுமா? கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

எச்டி டிவிடி, புளூ-ரே எண்டு ரெண்டு இருக்காம். எதை வாங்கிறது?

புளூ-ரே. இரண்டும் டிவிடிக்குப் பிறகு, அதைவிடத் தெளிவான படத்துக்காக வந்த இறுவட்டு வகைகள்; ஆனால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எச்டி டிவிடியின் தாய்வீடான தோஷிபா 2008 பெப்ரவரி 19 அன்றே அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. யாராவது சும்மா தருகிறேன் என்றாலும், வைக்க இடமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இன்று யோசிக்க வேண்டிய தெரிவு வேறு. கையிலுள்ள டிவிடியோடு நிற்பதா, புளூ-ரேக்குப் போவதா, அதைவிட நாலு மடங்குப் புள்ளி கொண்ட 4கே வரை போவதா? படம் எவ்வளவு தெளிவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். இறுவட்டு எந்த நாட்டில் வாங்கியது, பிளேயர் எந்த நாட்டில் வாங்கியது என்று கேட்பவர் குறைவு. வன்னியில் காசு வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

கனடாவில இருந்து வந்த பெட்டிக்குள்ள ரெண்டு நிறக் கவர் இருக்கு. எது என்னெண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

கடும் சிவப்பு நிற பிளாஸ்ரிக் கவர் என்றால் எச்டி டிவிடி. நீலம் என்றால் புளூ-ரே. கறுப்புக் கவரில் மேலே 4கே அல்ட்ரா எச்டி என்று பட்டை இருந்தால் 4கே புளூ-ரே. சாதாரண டிவிடிக் கவரும் கறுப்புத்தான், ஆனால் அது உயரம் கூடியது. கவர் மாறிப் போயிருந்தால் இறுவட்டின் முகத்தில் அச்சிட்டிருக்கும் சின்னத்தைப் பாருங்கள்.

வீட்டின் அடித்தள அறையைத் துப்புரவு செய்யும்போது அங்குள்ளவர்கள் கிடைத்ததையெல்லாம் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். அனுப்புகூலி இறுவட்டின் பெறுமதியைவிடக் கூட. முதலே ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும், சிவப்பை அங்கேயே கழித்துவிடலாம்.

ரெண்டும் நீல லேசர்தானே? பிறகேன் ஒண்டு மற்றதை வாசிக்குதில்லை?

நல்ல கேள்வி. லேசர் ஒன்றேதான்: இரண்டிலும் 405 நானோமீற்றர் அலைநீளம். டிவிடியில் 650, சீடியில் 780. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறிதாகும்; புள்ளி சிறிதானால் அதே 12 சென்ரிமீற்றர் வட்டில் கூடுதல் தரவை நெருக்கி எழுதலாம்.

வித்தியாசம், தரவு எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது என்பதில். எச்டி டிவிடியில் தரவுப் படலம் பழைய டிவிடியைப் போலவே மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது. புளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட தோலுக்கு அடியிலேயே. படலம் இவ்வளவு கிட்ட இருப்பதால் புளூ-ரேயின் வில்லை ஒளியை இன்னும் கூர்மையாகக் குவிக்க முடிகிறது. வில்லையின் துவாரஎண் என்று சொல்லும் அளவு எச்டி டிவிடியில் 0.65, புளூ-ரேயில் 0.85. அதன் பலனாக ஒரு படலத்தில் எச்டி டிவிடி 15 ஜிபி கொள்ள, புளூ-ரே 25 ஜிபி கொள்ளும். இரட்டைப் படலத்தில் 30, 50.

இரண்டு மணித்தியாலப் படம் ஒன்றை விநாடிக்கு 30 மெகாபிற் என்ற நல்ல தரத்தில் வைத்தால் 27 ஜிபி வரும். எச்டி டிவிடியில் அது மட்டுமட்டாக அடங்கும், மேலதிகக் காட்சிகளுக்கு இடம் மிஞ்சாது. புளூ-ரேயில் ஏறக்குறைய பாதி இடம் காலியாக இருக்கும்.

ஆனால் எச்டி டிவிடிக்காரர் முட்டாள்கள் இல்லை. 0.6 மில்லிமீற்றரை அவர்கள் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம், டிவிடி அடிக்கும் பழைய தொழிற்சாலைகளை அதிகம் மாற்றாமலே எச்டி டிவிடி அடிக்கலாம் என்பது. செலவு குறைவு. புளூ-ரேக்குப் புது இயந்திரம் வேண்டும், தரவு மேலே இருப்பதால் கீறல் பயமும் உண்டு. ஆரம்பத்தில் புளூ-ரேயை ஒரு கூட்டுக்குள் வைத்தே விற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தார்கள். டிடிகே போன்ற கொம்பனிகள் கடினமான மேற்பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் கூடு தேவையில்லாமல் போனது. இன்று புளூ-ரே சீடியைவிடக் கீறல் தாங்குவது அந்தப் பூச்சால்தான்.

அப்ப மலிவானது ஏன் தோத்தது?

2006 மார்ச் 31 அன்று ஜப்பானில் முதல் எச்டி டிவிடி பிளேயர் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் ஏப்பிரலில் தோஷிபாவின் பிளேயர் 499 டொலர். ஜூனில் வந்த முதல் புளூ-ரே பிளேயர், சம்சுங் செய்தது, 999 டொலர். அந்தக் கணக்கைப் பார்த்தால் யாரும் எச்டி டிவிடி பக்கம்தான் பந்தயம் கட்டியிருப்பார்கள்.

சோனி வேறு வழியால் உள்ளே வந்தது. 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 3 ஒவ்வொன்றுக்குள்ளும் புளூ-ரே வாசிப்பான் இருந்தது. விளையாட வாங்கியவர் வீட்டிலெல்லாம் கேட்காமலே ஒரு புளூ-ரே பிளேயர் போய் உட்கார்ந்துவிட்டது. மைக்ரோசொப்ற் எச்டி டிவிடியின் பக்கம் நின்றது, ஆனால் எக்ஸ்பொக்ஸ் 360-க்கு எச்டி டிவிடி வாசிப்பானைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். எத்தனை பேர் வாங்குவார்கள்?

மற்றது படக் கொம்பனிகள். டிஸ்னி, பொக்ஸ், சோனி ஒரு பக்கம். யுனிவர்சல் மறுபக்கம். 2007 ஓகஸ்டில் பரமவுண்டும் எச்டி டிவிடிக்குப் போனது. வார்னர் மட்டும் இரண்டு கடையிலும் சாமான் வாங்கிக்கொண்டிருந்தது. 2007 நவம்பரில் வோல்மார்ட்டில் தோஷிபா பிளேயர் ஒன்று 98 டொலருக்கே போனது; அப்படியிருந்தும் 2008 ஜனவரி 4 அன்று வார்னர் இனி புளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. தொடர்ந்து வோல்மார்ட்டும் எச்டி டிவிடியை நிறுத்துவதாகச் சொல்ல, சில நாளில் தோஷிபா கையைத் தூக்கியது.

இவ்வளவு நடந்திருக்கு, எங்களுக்கு ஒண்டும் தெரியாமப் போச்சே?

எப்படித் தெரியும்? 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடியது. உலகம் எச்டி டிவிடியா புளூ-ரேயா என்று அடிபட்ட அதே காலத்தில் வன்னியில் ரிவி ஓட்ட மண்ணெண்ணெய் தேடிக்கொண்டிருந்தோம். வீசீடிதான் எங்கள் உயர்தரம்: 352க்கு 288 புள்ளி, ஒரு படத்துக்கு இரண்டு சீடி, இடைவேளையில் சீடி மாற்றும்போது ஜெனரேற்றரும் நிற்கும். 2009 முடிந்து கரண்ட் வந்து, கடைகள் திறந்து, இங்கே டிவிடி பரவியபோது அந்தப் போட்டிக்கு எட்டுச் செலவும் முடிந்திருந்தது. ஒரு விதத்தில் நல்லது. தோற்ற பக்கத்தில் காசு போட்டவர் வன்னியில் யாருமில்லை.

படத் தரத்தில எது திறம்?

ஒரே படத்தை இரண்டிலும் வெளியிட்டபோது பெரும்பாலும் கண்ணுக்குப் பிடிபடும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே 1080பி, அதாவது 1920க்கு 1080 புள்ளி கொண்ட முழு எச்டி; இரண்டுமே எம்பெக்-2, விசி-1, எச்.264 என்ற அதே மூன்று சுருக்குமுறைகள். பழைய பிரதியிலிருந்து அவசரமாக மாற்றிய படம் புளூ-ரேயிலும் மங்கல்தான். பழைய தமிழ்ப் படங்களைப் புளூ-ரேயில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கவரில் புளூ-ரே என்று இருப்பது கொள்ளளவை மட்டும்தான் சொல்கிறது, உள்ளே ஊற்றியது என்ன என்று சொல்லாது.

லண்டன்ல வாங்கின புளூ-ரே இஞ்ச பிளேயர்ல போட்டா, இந்த வலயத்துக்கு ஓடாது எண்டு எழுத்து வருது. பழுதா?

பழுதில்லை. வலயக் குறி, அதாவது இறுவட்டு எந்த நாட்டுப் பிளேயர்களில் ஓடலாம் என்று போடும் பூட்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

புளூ-ரே உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறது. ஏ வலயத்தில் கனடா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, மலேசியா, சிங்கப்பூர். பி வலயத்தில் பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா, மத்திய கிழக்கு. சி வலயத்தில் இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா. ஆக, நம்மவர் இருக்கும் நாடு எதுவாக இருந்தாலும் அது பெரும்பாலும் நம் வலயம் இல்லை. ரொறன்ரோ மாமா கொண்டுவந்த பிளேயரில் லண்டன் சித்தி கொண்டுவந்த இறுவட்டு ஓடாமல் போகலாம். இரண்டும் இந்தியாவில் வாங்கிய சி வலய இறுவட்டோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரு குடும்பம் மூன்று கண்டத்தில் சிதறியிருந்தால் அலுமாரியில் மூன்று வலயமும் இருக்கும்.

டிவிடிக்கு இது வேறு எண்ணிக்கை: இலங்கையும் இந்தியாவும் 5, கனடா 1, ஐரோப்பா 2, மலேசியா 3, அவுஸ்திரேலியா 4. புளூ-ரே பிளேயரில் டிவிடி போடும்போது இந்த எண்ணும் பார்க்கப்படும். டிவிடி வலயத்தைப் பல பிளேயர்களில் றிமோற்றில் சில எண்களை அழுத்தியே திறந்துவிடலாம். புளூ-ரேயில் அந்த வித்தை அநேகமாகச் சரிவராது, உள்ளே சிப் வேலை செய்தே விற்பார்கள். யாராவது கோட் ஃபிரீ, அதாவது வலயப் பூட்டில்லாத பிளேயர் என்று சொன்னால், டிவிடிக்கா புளூ-ரேக்கா என்று உடனே கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் டிவிடியைத்தான் சொல்கிறார்கள்.

இதற்குள் இரண்டு நல்ல செய்தி. ஒன்று, வலயம் போடாத புளூ-ரேக்கள் நிறைய உண்டு. வார்னர், பரமவுண்ட் வெளியீடுகள் பெரும்பாலும் எங்கும் ஓடும். கவரின் பின்பக்கத்தில் சிறிய அறுகோணச் சின்னத்துக்குள் எழுத்து இருக்கும்: மூன்று எழுத்தும் இருந்தால் பயமில்லை, ஒன்று மட்டும் இருந்தால் யோசியுங்கள். மற்றது, 4கே புளூ-ரேக்கு வலயமே கிடையாது. கவலையில்லாமல் எந்த நாட்டிலும் வாங்கலாம். ஆனால் அதே கவருக்குள் கூட வரும் சாதாரண புளூ-ரேக்கு வலயம் இருக்கலாம்.

(எச்டி டிவிடியிலும் வலயம் இருக்கவில்லை. தோற்றவரிடம் இருந்த ஒரு நல்ல குணம்.)

மாமா கனடாவில இருந்து பிளேயர் கொண்டு வாறார். பிளக்கை மாத்தினாக் காணும்தானே?

காணாது. இப்படிப் பிளக்கை மாற்றிவிட்டுக் கொளுத்திக்கொண்டு வருபவர்கள்தான் எனக்கு அதிகம்.

கனடாவில் கரண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பிளேயரைத் திருப்பி, கேபிள் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரை ரோச் அடித்துப் பாருங்கள். 100–240வி என்று இருந்தால் பிளக்குக்கு ஒரு அடப்ரர் போட்டால் சரி. 120வி என்று மட்டும் இருந்தால் நேரே குத்தவே கூடாது.

என்ன நடக்கும் என்பதை மூடியைக் கழற்றினால் காணலாம். கரண்ட் உள்ளே வந்தவுடன் நேரோட்டமாக மாற்றப்பட்டு ஒரு தடித்த கப்பாசிற்றரில் சேரும். 120 வோல்ற்றுக்கு அது ஏறக்குறைய 170 வோல்ற் ஆகும், அதனால் 200 வோல்ற் கப்பாசிற்றர் போட்டிருப்பார்கள். நம் 230 அங்கே 325 ஆக வந்து நிற்கும். கப்பாசிற்றரின் தலையில் கூட்டல் குறி போல வெட்டு ஒன்று இருக்கும். அது வீங்கிப் பிளந்து, பழுப்பாக ஒரு கசிவு பலகையில் வழிந்திருக்கும். நாற்றம் இரண்டு நாள் போகாது. பக்கத்தில் பியூசும் கருகியிருக்கும். சில வேளை அந்தப் பியூசும் பாதுகாப்புக்கு வைத்த சிறு பாகமும் தாங்கள் போய் மற்றதைக் காப்பாற்றிவிடும், அது உங்கள் அதிர்ஷ்டம்.

120 வோல்ற் பிளேயருக்கு 230-ஐ 110 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்குங்கள். பிளேயர் ஒன்றுக்கு 100 வாற் தாராளம். விளையாட்டுப் பெட்டிக்கு அது போதாது, ஸ்ரிக்கரில் உள்ள வாற்றைப் பார்த்து இரட்டிப்பாக எடுங்கள். பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து வருவதற்கு இந்தத் தலையிடி இல்லை, பிளக் மட்டும்தான் வேறு. பிளேயர் ஒன்று கேட்டு வாங்கும் நிலையில் இருந்தால் கனடாவைவிட ஐரோப்பியச் சொந்தக்காரரைக் கேளுங்கள்.

தம்பியின்ர பிளேஸ்டேஷன் கிடக்கு. தனியப் பிளேயர் வேணுமே?

தேவையில்லை. பிளேஸ்டேஷன் 3, 4 இரண்டும் சாதாரண புளூ-ரே வாசிக்கும், 4கே புளூ-ரே வாசிக்காது. 4 புரோவும் வாசிக்காது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வட்டு வாசிப்பான் உள்ள பிளேஸ்டேஷன் 5 4கேயும் வாசிக்கும். எக்ஸ்பொக்ஸ் பக்கத்தில் வட்டு வாசிப்பான் உள்ள வன் எஸ், வன் எக்ஸ், சீரீஸ் எக்ஸ் மூன்றும் 4கே வாசிக்கும். சீரீஸ் எஸ்ஸில் வாசிப்பானே இல்லை. படத்துக்கு வலயக் குறி இவற்றிலும் உண்டு, விளையாட்டு எங்கும் ஓடுகிறதே என்று படமும் ஓடும் என நினைக்காதீர்கள்.

4கே புளூ-ரே எடுத்தா நல்லாத் தெரியுமோ?

ரிவி எத்தனை அங்குலம், எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கிறீர்கள்? 43 அங்குல ரிவியில் 1080பி படத்தின் புள்ளி ஒன்று அரை மில்லிமீற்றர். சாதாரண கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் 1.7 மீற்றருக்கு அப்பால் ஒன்றாகக் கலந்துவிடும். வீட்டுத்திட்ட வீடுகளின் முன் அறையில் ஒரு சுவரில் ரிவி, எதிர்ச் சுவரோடு கதிரை. மூன்று மீற்றர் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 4கேயின் நாலு மடங்குப் புள்ளி உங்களுக்குத் தெரியாது.

தெரிவது எச்டிஆர் என்ற வெளிச்ச வித்தியாசம். இருட்டுக் காட்சியில் கறுப்புக் கறுப்பாகவும், தீயும் வெயிலும் கண்ணைக் கூசுவதாகவும் இருக்கும். அது எந்தத் தூரத்திலும் பிடிபடும், ஆனால் ரிவியும் அதற்குத் தகுந்த வெளிச்சம் தர வேண்டும். மலிவான 4கே ரிவிகள் பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருந்தாலும் அந்த வெளிச்சத்தைக் காட்டுவதில்லை. பகலில் கதவு திறந்து கிடக்கும் வீடு என்றால் இன்னும் மோசம்.

ஆகவே 55 அங்குலத்துக்குக் கீழே சாதாரண புளூ-ரே போதும் என்பது என் கருத்து. அதற்கு மேலே, நல்ல ரிவி, இரவில் படம் பார்ப்பவர் என்றால் 4கே எடுங்கள். ரிவியின் எச்டிஎம்ஐ துளையும் எச்டிசிபி 2.2 என்ற பூட்டை ஏற்பதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 4கே படம் வராது.

சந்தையில 'புளூ-ரே பிரிண்ட்' எண்டு மலிவா விக்கிறாங்கள். அது என்ன?

அது டிவிடி. புளூ-ரேயிலிருந்து களவாக எடுத்த படத்தைச் சுருக்கி, டிவிடியில் எழுதி விற்பது. ஒற்றைப் படல டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதற்குள் மூன்று படமும் இருக்கிறது என்றால் தரம் எங்கே போயிருக்கும்? கொம்பியூட்டரில் போட்டு அளவைப் பாருங்கள், அல்லது அடிப்பக்கத்தைப் பாருங்கள்: எழுதப்பட்ட டிவிடி ஊதா நிறமாக இருக்கும். இதை வாங்கிவிட்டு, புளூ-ரேயும் டிவிடியும் ஒன்றுதான் என்று வாதாட வருபவர்களோடு நான் மினக்கெடுவதில்லை.

மகளின்ர சாமத்திய வீட்டு வீடியோவை எதில வாங்கினா நல்லம்? டிவிடியோ, புளூ-ரேயோ, பென்னோ?

தொழில் என்னுடையது என்பதால் இதில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இன்று எல்லா வீடியோக்காரரும் முழு எச்டியில் அல்லது 4கேயில்தான் எடுக்கிறார்கள். அதை டிவிடியில் தந்தால் 720க்கு 576 புள்ளியாகக் குறுக்கிவிடும். முழு எச்டியின் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ட்ரோன் விட்டு, கிரேன் வைத்து எடுத்ததற்குக் காசும் கொடுத்துவிட்டு, அதில் ஐந்தில் நான்கை எறிந்துவிடுகிறீர்கள். பட்டுச் சேலையின் கரை டிவிடியில் வெறும் மஞ்சள் கோடாகத் தெரிவது இதனால்தான். சிலர் டிவிடி வட்டிலேயே எச்டியை ஏவிசிஎச்டி என்ற முறையில் எழுதித் தருவார்கள். அது புளூ-ரே பிளேயரில் ஓடும், ஆனால் ஒரு வட்டில் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடவே அடங்கும். ஆலாத்தி முடியவே வட்டு முடிந்துவிடும்.

எழுதக்கூடிய புளூ-ரே 25 ஜிபி என்பதால் விழா முழுதும் அடங்கும். வாங்கினால் எல்ரிஎச் என்று போட்டிருக்கும் வகையைத் தவிருங்கள். அதில் எழுதும் படலம் டிவிடியைப் போலச் சாயப் பொருள், வெப்பத்திலும் வெளிச்சத்திலும் விரைவாக மங்கும். மற்ற வகையில் கனிமப் படலம், அது நின்று பிடிக்கும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெக்கையில் சாயப் படலம் படும் பாட்டை நான் பார்க்கிறேன்: வட்டின் வெளி ஓரத்திலிருந்து வாசிப்பு தடுமாறத் தொடங்கும், கடைசி அத்தியாயம் முதலில் போகும். சோனி எழுதக்கூடிய புளூ-ரே உற்பத்தியை 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. மற்றக் கொம்பனிகளின் வட்டு கிடைக்கிறது, ஆனால் வடக்கில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பென் டிரைவ் கொண்டு திரிய நல்லது, பத்திரப்படுத்த அல்ல. வருடக்கணக்காகக் கரண்ட் காணாமல் கிடந்தால் அதிலுள்ளது தானாகவே அழிந்துபோகக்கூடும்.

நான் சொல்வது இதுதான். வீடியோக்காரரிடம் இறுவட்டோடு சேர்த்துத் தொகுத்து முடித்த மூலக் கோப்பையும் கேளுங்கள். ஒப்பந்தம் பேசும்போதே கேளுங்கள், பிறகு கேட்டால் ஹாட் டிஸ்க் அழித்துவிட்டோம் என்பார்கள். அதை இரண்டு ஹாட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில் வையுங்கள். 2009 இடப்பெயர்வில் அல்பமும் கசற்றும் இங்கே எல்லாம் போய், வெளிநாட்டுக்கு முன்பே அனுப்பிய பிரதியிலிருந்து தாலிகட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. அந்த வீஎச்எஸ் கசற்றுகளை மாற்றிக் கொடுக்கும் வேலை இன்றும் எனக்கு வருகிறது.

புதுப்படப் புளூ-ரே பழைய பிளேயர்ல நிண்டுபோகுது. லென்ஸ் போட்டுதோ?

பழைய இறுவட்டுகள் ஒழுங்காக ஓடினால் லென்ஸ் இல்லை. புளூ-ரேயின் களவுத் தடுப்புப் பூட்டுக்குச் சாவிகள் காலத்துக்குக் காலம் மாறும், புதுச் சாவி இல்லாத பிளேயர் புது இறுவட்டைத் திறக்காது. கொம்பனியின் இணையத்தளத்தில் உங்கள் மொடலுக்குரிய மென்பொருளை எடுத்துப் பென்னில் போட்டுப் புதுப்பிக்கலாம். மழை இருட்டும் மாலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் பிளேயர் திரும்ப எழும்பாது.

பழைய இறுவட்டும் தடுமாறினால் புழுதி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நேர் கோட்டில், மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது.

இனி எல்லாம் ஒன்லைன்தானே, உதெல்லாம் எதுக்கு?

நெட்ஃபிளிக்ஸில் எச்டி பார்த்தால் மணித்தியாலத்துக்குச் சுமார் 3 ஜிபி போகும், 4கே என்றால் 7 வரை. அதே மணித்தியாலத்துக்குப் புளூ-ரே 13, 14 ஜிபி தரவு வைத்திருக்கிறது, 4கே இறுவட்டு அதற்கும் இரண்டு மடங்கு. படத்தின் நயமும் ஒலியின் கனமும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பைபர் இழுத்த ரவுண் வீட்டுக்கு ஒன்லைன் சுகம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, கோபுரத்துச் சிக்னலை நம்பி டேற்றா காட் போடுபவருக்கு ஒரு அலுமாரி இறுவட்டு இன்னும் மலிவு.

புளூ-ரேயும் எச்டி டிவிடி மாதிரிச் செத்துப்போகுமோ?

மெல்ல மெல்லக் குறைகிறது. ஒப்போ 2018-இல் பிளேயர் செய்வதை நிறுத்தியது, சம்சுங் 2019-இல் அமெரிக்காவுக்குப் புது மொடல் இல்லை என்றது, எல்ஜியும் விலகிவிட்டது. சோனியும் பனசொனிக்கும் இன்னும் விற்கிறார்கள். ஆனால் இது எச்டி டிவிடி போன வழி அல்ல. அது இரண்டு வருடத்தில் படமும் பிளேயரும் சேர்ந்து நின்றது. புளூ-ரே பிளேயரும் விளையாட்டுப் பெட்டிகளும் உலகமெல்லாம் கோடிக்கணக்கில் கிடக்கின்றன, பழையது வாங்க நீண்ட காலத்துக்குத் தட்டுப்பாடு வராது. இப்போது வாங்குபவர் 230 வோல்ற்றில் ஓடும் நல்ல பழைய பிளேயர் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். 4கே ஆசை இருந்தால் புது பிளேயரைத் தள்ளிப்போட வேண்டாம், தெரிவுகள் வருடா வருடம் குறைகின்றன.

அப்ப வீட்டில கிடக்கிற சிவப்புக் கவர் எச்டி டிவிடியை என்ன செய்யிறது?

முதலில் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். சிலவற்றில் ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதாரண டிவிடி. டிவிடிப் பக்கம் எந்தப் பிளேயரிலும் ஓடும், அதற்குரிய வலயம் பொருந்தினால். மற்றவற்றுக்கு, எல்ஜி 2007, 2008 அளவில் கொம்பியூட்டருக்கென்று செய்த சில டிரைவ்கள் புளூ-ரே, எச்டி டிவிடி இரண்டையும் வாசிக்கும். பழைய சாமான் விற்பவரிடம் அகப்பட்டால் எடுத்துவையுங்கள். அதுவும் இல்லையென்றால் பயிருக்குள் கட்டித் தொங்கவிடுங்கள். கிளி வராது, மயிலுக்கு உத்தரவாதம் இல்லை.